இறந்த பிரபு பதில் சொன்ன மதியம்

1

இந்தக் கதை எனக்கு வெந்நீர்க் குளியலகத்தின் மாடியில் கிடைத்தது. கிடைத்து ஒன்பது நாளாகிறது. இந்த ஒன்பது நாளில், நான் நகலெடுக்க வேண்டிய புத்தகம் நாற்பதாவது தாளிலேயே நிற்கிறது. மை இரண்டு முறை காய்ந்துவிட்டது. நேற்றுக் காலை தேநீர் என்று நினைத்துத் தூரிகை கழுவிய தண்ணீரைக் குடித்தேன். பாதிக் கிண்ணம் போன பிறகுதான் தெரிந்தது. மீதியையும் குடித்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

நான் எடோ நகரின் கான்டா பேட்டையில் கிஹேய் என்பவரின் இரவல் புத்தகக் கடைக்கு நகலெழுதுபவன். இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் கதைகளை எழுதிவருகிறேன். சொந்தமாக எழுதியது ஒன்றுமில்லை. பேச்சும் குறைவு. யாராவது ஏதாவது கேட்டால், நான் பதிலை யோசித்து முடிப்பதற்குள் அவர் தெருமுனையைத் தாண்டியிருப்பார். குளியலகத்துக்குப் போவதுகூட, குளித்த பிறகு மாடியில் ஒரு கிண்ணம் தேநீரோடு தொந்தரவில்லாமல் படிக்கலாம் என்பதற்காகத்தான்.

அன்று மதியம் எதிரே ஒருவன் வந்து உட்கார்ந்தான். வெந்நீரில் நண்டு மாதிரி சிவந்திருந்தான். முன்கையில் எண்ணெய் தெறித்த தழும்புகள். என் புத்தகத்தை எட்டிப் பார்த்தான்.

“என்ன கதைங்க?”

“பிரபுக்கள் கதை.”

“அதுல பிரபு பேசுறாரா?”

“பேசுறார்.”

“எப்படி? இப்படியா?”

இரண்டு சின்ன இருமல். பிறகு, மூக்கில் பாதியும் தொண்டையில் பாதியுமாக, பிறந்ததிலிருந்து யாருமே எதிர்த்துப் பேசாத ஒரு மனிதனின் குரல்: “ஹ்ம். இன்னைக்கும் டோஃபுதானா?”

மாடியே திரும்பிப் பார்த்தது. சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த ஒருவர், என்ன ஏதென்று தெரியாமலே தலையைத் தாழ்த்திவிட்டார். என் முதுகு தானாக நிமிர்ந்தது.

“பாத்தீங்களா?” என்று தன் சொந்தக் குரலில் சிரித்தான் அவன். “எழுத்தரய்யா, இந்தக் குரல வெச்சு நான் ஒரு மதியம் பூரா செத்த மனுஷனுக்கு உசிர் குடுத்திருக்கேன்.”

அவனுக்கு ஜின்பேய் என்று பெயர் வைக்கிறேன்.*

* இந்தக் கதையில் எந்தப் பெயரும் உண்மையில்லை. வாழும் பிரபு குடும்பங்களைப் பற்றி எழுதினால் கையில் விலங்கு போட்டு ஐம்பது நாள் வீட்டில் உட்காரவைப்பார்கள். விலங்கோடு எழுத முடியாது. படிக்க முடியும் என்று நினைக்கிறேன், யாராவது பக்கம் புரட்டினால்.

2

முதல் தொடக்கம்:

நானூறு ஆண்டுகளுக்கு முன்பு, ஷோகன்கள் காமகுராவில் இருந்து ஆண்ட காலத்தில், ஒரு சிறிய சமஸ்தானத்தின்—

நிறுத்திவிட்டேன். எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறோம். எடோவில் இன்று நடப்பதை எழுதக்கூடாது என்பதால் நானூறு வருடம் பின்னால் தள்ளி எழுதுகிறோம். படிக்கிறவர்களும் நானூறைக் கழித்துவிட்டுத்தான் படிக்கிறார்கள். ஆனால் இந்தக் கதையைப் பின்னால் தள்ள முடியாது. இதில் வரும் சட்டம் அந்தக் காலத்தில் இல்லை.

இரண்டாம் தொடக்கம்:

உராபே பிரபு விடியும்போது இறந்தார். ஆனால் மதியம்வரை இறப்பதற்கு அவருக்கு அனுமதி—

இதையும் விட்டேன். சாமர்த்தியமான வாக்கியம். ஒரு மனிதர் செத்துக் கிடக்கிறார், நான் வாக்கியத்தைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாவதாக, அலங்காரம் எதுவுமில்லாமல் சட்டத்தையே எழுதிப் பார்த்தேன். கை ஓட ஆரம்பித்தது! அதை அப்படியே விடுகிறேன்.

வாரிசு இல்லாமல் ஒரு பிரபு இறந்தால் அவருடைய சமஸ்தானம் ஷோகனின் அரசுக்குப் போய்விடும். சாகும் தறுவாயில்கூட அவர் ஒருவரைத் தத்தெடுக்கலாம். ஆனால் உயிரோடு, நினைவோடு, தன் கையால் விண்ணப்பத்தில் முத்திரை வைக்க வேண்டும். அப்படித்தான் வைத்தாரா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல அரசு ஓர் அதிகாரியைப் படுக்கையறைக்கே அனுப்பும்.

உராபே பிரபுவுக்கு முப்பத்தொரு வயது. பிள்ளையில்லை. தத்தெடுப்பதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தவர், மூன்று மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்த பிறகுதான் தன் சிற்றப்பாவின் மகனை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். விண்ணப்பம் எழுதப்பட்டது. சாட்சி பார்க்க அதிகாரி மறுநாள் மதியம் வருவதாகச் செய்தி வந்தது. பிரபு அதுவரை காத்திருக்கவில்லை. முத்திரை வைக்காத விண்ணப்பம் தட்டில் அப்படியே கிடந்தது.

அந்த வீட்டை நம்பி நூற்றெண்பது சாமுராய்க் குடும்பங்கள். மதியம் அந்த அறையில் பிரபு உயிரோடு இல்லையென்றால், சாயங்காலம் அவர்களுக்கு எசமான் இல்லை, வீடு இல்லை, சோறு இல்லை.

அவ்வளவுதான் கதை. இனி நடப்பதெல்லாம் அந்த மதியத்தை எப்படித் தாண்டுவது என்பதுதான்.

3

அன்று காலை உராபே மாளிகையின் நிர்வாகி குசாமா கன்ஜூரோ சமையலறைக்குள் வந்தார். அவர் அங்கே வருவது இது இரண்டாவது முறை.

முதல் முறை வந்தது மூன்று வருடத்துக்கு முன்பு. அன்று சமையற்காரன் ஜின்பேய் முள்ளங்கி நறுக்கிக்கொண்டே பிரபுவின் குரலில் இருமி, “ஹ்ம், இன்னைக்கும் டோஃபுதானா?” என்று கேட்டு, வேலைக்காரப் பெண்களை விழுந்து விழுந்து சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். குசாமா வாசலில் நின்று முழுவதையும் கேட்டார். பிறகு அவனை முற்றத்துச் சரளைக் கல்மேல் அரைநாள் மண்டியிட வைத்தார்.

இப்போது சமையலறையில் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, ஜின்பேய் முன்னால் அவரே மண்டியிட்டார்.

“ஜின்பேய். அந்தக் குரல் இன்னும் வருதா?”

“எந்தக் குரலுங்க எசமான்?”

“எனக்குக் கோவம் வர வைக்காதே.”

“சத்தியமா விட்டுட்டேங்க. அன்னைக்கு கல்லு குத்துனது இன்னும் முழங்கால்ல—”

“பேசிக் காட்டுடா.”

ஜின்பேய் இருமினான். “ஹ்ம். குசாமா, ஏன் தரையில உக்காந்திருக்க?”

குசாமா முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று ஜின்பேய் நினைத்தான்.

“நான் கூடச் சேந்து சிரிச்சுட்டேன் ஐயா,” என்றான் என்னிடம். “அப்புறம்தான் தெரிஞ்சுது. அந்த ஆளு அழுறாரு. அப்பதான் எனக்குப் பிரபு போயிட்டாருன்னே புரிஞ்சுது.”

(இந்த இடத்தை எழுதி முடித்ததும் நான் எழுந்து அறைக்குள்ளேயே நாலு சுற்று நடந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் சுவரைத் தட்டி, “எலியா?” என்று கேட்டாள். “கதை,” என்றேன். இருபத்திரண்டு வருடத்தில் நான் அவளுக்கு உடனே சொன்ன முதல் பதில்.)

4

குசாமாவை நான் முதலில் சந்தேகப்பட்டேன். இவ்வளவு பெரிய பொய்யை இவ்வளவு வேகமாக ஏற்பாடு செய்பவர், அழுகிறவராக இருக்க முடியுமா? முதல் வரைவில் அவரைக் கல்நெஞ்சராக எழுதினேன். பிறகு ஜின்பேய் சொன்ன சின்னச் சின்ன விஷயங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது புரிந்தது. அவர் அன்று காலை முழுவதும் செய்தது ஒரே வேலை. தன் எசமானுக்கு மற்றவர்கள் செய்த இறுதி மரியாதைகளை ஒவ்வொன்றாகக் கலைத்தார்.

விடியற்காலையில் படுக்கையறைப் பணியாளர்கள் அழுதுகொண்டே எல்லாம் செய்துவிட்டிருந்தார்கள். தலையணையை வடக்கே திருப்பியிருந்தார்கள். முகத்தில் வெள்ளைத் துணி. தலைமாட்டில் ஊதுவத்தி.

குசாமா தலையணையை மறுபடி கிழக்கே திருப்பினார். துணியை எடுத்தார். ஊதுவத்தியை அணைத்து, கதவுகளைத் திறந்து, வாசனை போகும்வரை விசிறச் சொன்னார். நடையில் மருந்துப் பானையை அடுப்பில் ஏற்றினார். இறந்தவருக்காக மருந்து கொதித்துக்கொண்டிருந்தது, கசப்பான வாசனையோடு, உயிர் இருக்கும் வீடு மாதிரி.

“மூணு தடவ சுத்திப் பாத்தாரு,” என்றான் ஜின்பேய். “ஒரு தூசி விடல.”

ஒன்றை விட்டுவிட்டார்.

படுக்கைக்கு முன்னால் ஆறு பலகை மடிப்புத் திரை ஒன்று நின்றது. நாணல், நிலா, பறக்கும் காட்டு வாத்துகள். அதிகாரி உட்காரும் இடத்துக்கும் படுக்கைக்கும் நடுவில் மறைப்பாக இருக்க வேண்டியது அதுதான். யார் செய்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. செத்தவர் இருக்கும் அறையில் நாமெல்லாரும் செய்வதுதான், கை தானாகச் செய்துவிடும். யாரோ அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்திருந்தார்கள்.

நாணல்கள் மேலிருந்து தொங்கின. நிலா தரையோரம் கிடந்தது. வாத்துகள் வயிறு வானத்தைப் பார்க்கப் பறந்தன.

குசாமா மூன்று முறை பார்த்தும் ஏன் கண்ணில் படவில்லை? இதைத்தான் நான் ஒன்பது நாளாக நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அந்த அறைக்குள் வந்துபோன எல்லாருக்கும் பிரபு இறந்தது தெரியும். இறந்தவர் அறையில் திரை தலைகீழாகத்தான் நிற்க வேண்டும். ஆகவே அது அவர்கள் கண்ணுக்குச் சரியாகவே இருந்தது! பிரபு உயிரோடிருக்கிறார் என்று நம்ப வேண்டிய ஒரே ஒருவர் கண்ணுக்கு மட்டும்தான் அது தவறாகத் தெரியும். அவர் மதியம் வருகிறார்.

5

அதிகாரி. அகுட்சு ஹயாதோ என்று வைத்துக்கொள்கிறேன்.

(அ) கழுகுக் கண்கள் கொண்ட அகுட்சு, பொய்யின் வாசனையைத் தெரு முனையிலேயே—

வேண்டாம். இப்படிப்பட்டவரை இருபது புத்தகத்தில் நகலெடுத்திருக்கிறேன்.

(ஆ) அகுட்சுவின் மனைவி, அரசு கலைத்துவிட்ட ஒரு பிரபு வீட்டில் பிறந்தவள். ஒவ்வொரு முறையும் அவர் திரைக்கு முன்னால் அமரும்போது அவளுடைய—

இதுவும் வேண்டாம். அவர் இரக்கப்பட வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன், அதற்காக ஒரு மனைவியைக் கடன் வாங்குகிறேன்.

(இ) அகுட்சுவுக்கு அறுபது வயது. மண்டியிட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகும். இது அவர் பார்க்கும் முப்பத்திரண்டாவது படுக்கை. இதுவரை முப்பத்தொரு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார், ஒரு பிரபுவின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. பார்க்க முயன்றதுமில்லை. திரைக்குப் பின்னால் யாரோ இருமுவார்கள், முத்திரை வைத்த விண்ணப்பம் வெளியே வரும், “பார்த்தேன்” என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துவிட்டுப் போவார். அதில் எத்தனை பேர் உயிரோடிருந்தார்கள் என்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டதில்லை. பிரபு வீடுகள் கலைந்தால் பசியும் வாளுமாக ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் திரிவார்கள். அரசுக்கும் அது வேண்டாம். ஆகவே பார்க்காமல் பார்க்கத் தெரிந்த ஒருவரை அனுப்புகிறார்கள்.

இவரை எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் இவர் தனியாக வரவில்லை. கூடவே ஓர் இளைய எழுத்தர். அறையில் சொல்லப்படும் ஒவ்வொரு சொல்லையும் பதிவு செய்பவர். அகுட்சு எதையாவது பார்த்தும் பேசாமல் இருந்தால், எழுத்தர் அதையும் எழுதலாம்.

6

இந்தப் பகுதி எனக்குத் தெரியாது. ஜின்பேய்க்கும் தெரியாது. அவன் திரைக்குப் பின்னால் இருந்தான்.

பிரபுவின் போர்வைக்குள் பாதி உடம்பை நுழைத்து, அவருடைய குளிர்ந்த வலது கையைத் தன் கையில் பிடித்துக்கொண்டு கிடந்தான். முத்திரையை அந்தக் கையால்தான் வைக்க வேண்டும் என்று குசாமா பிடிவாதமாகச் சொல்லியிருந்தார். “பொய்யிலயும் பாதியாவது உண்மையா இருக்கட்டும்டா,” என்றாராம். திரையின் முதுகுப் பக்கம் வெறும் காகிதம். அவன் பார்த்தது அதை மட்டும்தான். மீதியெல்லாம் காதில் விழுந்தது.

கதவு நகர்ந்தது. உடைகள் சரசரத்தன. அகுட்சு உட்கார்ந்தபோது முழங்கால் சொடுக்கியது. குசாமா விண்ணப்பத்தை வாசித்தார். எழுத்தரின் தூரிகை காகிதத்தில் ஓடும் மெல்லிய ஓசை.

“பிரபு,” என்றார் அகுட்சு. “உங்க வாயால கேக்கணும். இது உங்க விருப்பம்தானா?”

ஜின்பேய் இருமினான். “ஹ்ம். விருப்பம்தான்.”

விண்ணப்பம் திரையின் ஓரமாக உள்ளே வந்தது. குளிர்ந்த கையும் சூடான கையும் சேர்ந்து முத்திரை வைத்தன. விண்ணப்பம் வெளியே போனது.

இனி “பார்த்தேன்” என்ற ஒரு சொல்தான் பாக்கி.

அது வரவில்லை.

“எவ்வளவு நேரம்?” என்று ஜின்பேயிடம் கேட்டேன்.

“ஒரு கிண்ணம் சோறு நிதானமா தின்னுற நேரம். குசாமா எசமான் மூச்சு விடுறது கேட்டுது, அப்புறம் அதுவும் கேக்கல. தூரிகை நின்னுபோச்சு. ஐயா, நான் சட்டில எண்ணெய் காயுற சத்தத்த வெச்சே நேரம் சொல்லுவேன். அன்னைக்கு எனக்குக் கணக்கே தெரியல.”

மௌனம் எனக்குப் பழக்கமானது. என் வாழ்க்கையில் பாதி அதுதான். அதை எழுத முடியும் என்று நினைத்தேன். அரைப் பக்கம் காலியாக விட்டேன். பார்த்தால் காகிதத்தை வீணடித்த மாதிரி இருந்தது. “வெளியே ஒரு காகம் கத்தியது” என்று எழுதினேன். அடித்தேன், எந்தக் கதையில்தான் காகம் கத்தவில்லை? கடைசியில் இதை மட்டும் வைத்துக்கொள்கிறேன்: நடையில் மருந்து பொங்கி அடுப்பில் வழிந்து சீறியது. யாரும் அதைப் பார்க்க எழுந்து போகவில்லை.

பிறகு அகுட்சு கேட்டார்.

“பிரபு. இந்தத் திரை ஏன் தலைகீழா நிக்குது?”

7

இந்த இடத்தில் கிஹேய் வந்துவிட்டார். நாற்பதாவது தாளில் நிற்கும் நகலைப் பார்த்துக் கத்திவிட்டு, இதைக் கையிலெடுத்து ஒரே மூச்சில் படித்தார். இரவல் கடைக்காரர்கள் எழுத்தைப் பார்த்தே வாடகையை மோப்பம் பிடிக்கிறவர்கள்.

“யோவ், நல்லாயிருக்குய்யா! அப்புறம்?”

“யோசிச்சுக்கிட்டிருக்கேன்.”

“இதுல என்ன யோசனை? குசாமா வாளை உருவுறான். ஒரே வெட்டு, அதிகாரி ரெண்டு துண்டு. எழுத்தன் தோட்டத்துக்கு ஓடுறான், அங்க ஒரு வெட்டு. பெரிய படமா ஒண்ணு போடச் சொல்றேன்.”

“அதிகாரியைக் கொன்னா வீடு மறுநாளே போயிடும். அந்த நூத்தியெண்பது குடும்பத்துக்காகத்தானே குசாமா இவ்வளவும் பண்றார்.”

“அப்ப வயித்தக் கிழிச்சுக்கட்டும். ‘பழியெல்லாம் என்னோடது’ன்னு அங்கயே.”

“அதுவும் பிரபு செத்தாருன்னு ஒத்துக்கிற மாதிரிதான்.”

கிஹேய் காதைச் சொறிந்தார். “அப்ப அந்த அதிகாரிப் பய எதுக்குக் கேட்டான்? பேசாம ‘பார்த்தேன்’னு சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?”

“எழுத்தரும் திரையைப் பார்த்திருப்பார். கேக்காம விட்டா அகுட்சு மாட்டிக்குவார்.”

“சரி, கேக்குறவன் குசாமாவத்தானே கேக்கணும்? செத்தவன எதுக்குக் கேக்குறான்?”

நான் பதில் சொல்லவில்லை. அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, “உன்கிட்ட கேள்வி கேக்குறதும் செத்தவன்கிட்ட கேக்குறதும் ஒண்ணுதான்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் அவர் கேட்டது என்னைப் பிடித்து உலுக்கிவிட்டது. செத்தவரை எதற்குக் கேட்டார்? குசாமாவைக் கேட்டிருந்தால் அவர் உளறியிருப்பார், எழுத்தர் அந்த உளறலை எழுதியிருப்பார், கதை முடிந்திருக்கும். பிரபுவைக் கேட்டதால், ‘அதிகாரி பிரபுவிடம் கேட்டார்’ என்று பதிவாகிறது. அதாவது, பதில் சொல்லக்கூடிய நிலையில் பிரபு இருக்கிறார் என்று பதிவாகிறது! ஒரு கதவைத் திறந்து விட்டிருக்கிறார்.

அல்லது பொறி வைத்திருக்கிறார். இரண்டே சொல் பழக்கிவைத்த ஓர் ஏமாற்றுக்காரன் எதிர்பாராத கேள்விக்கு என்ன செய்வான் என்று பார்க்கிறார்.

எது? (இ) என்று நான் எழுதிய அந்தக் கால் மரத்த கிழவரை எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். எனக்கு அவரைத் தெரியவே தெரியாது. இவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் தெரியாமல் இருந்ததில்லை.

8

“நான் செத்தேன்னு நெனச்சேன்,” என்றான் ஜின்பேய், குளியலக மாடியில், என் தேநீரையும் எடுத்துக் குடித்துக்கொண்டே. “எனக்குச் சொல்லிக் குடுத்தது ரெண்டே பேச்சு. ‘விருப்பம்தான்.’ ‘களைப்பா இருக்கு.’ அவ்வளவுதான். திரை தலைகீழா நிக்குதுன்னே எனக்கு அப்பதான் தெரியும். பின்பக்கம் வெறும் காயிதம்ல?”

“‘களைப்பா இருக்கு’ன்னு சொல்லியிருக்கலாமே?”

“சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன். வரல ஐயா. ஏன்னா அவரு அப்படிச் சொல்ல மாட்டாரு. எட்டு வருசம் பக்கத்து அறையில தட்டோட உக்காந்து அவரு பேச்சக் கேட்டவன் நான். யாராச்சும் அவர்கிட்ட ஒரு தப்ப எடுத்துச் சொல்லிட்டா, அவரு களைச்சுப்போக மாட்டாரு. குஷியாயிடுவாரு. அந்த வீட்ல யாரும் அவருக்கு எதையும் எடுத்துச் சொன்னதே கெடையாது பாருங்க.”

ஆகவே இறந்த உராபே பிரபு இரண்டு முறை இருமிவிட்டு, இப்படிப் பதில் சொன்னார்:

“ஹ்ம். அப்பாடா. ஒருத்தர் கேட்டுட்டீங்க. அதை நான்தான் திருப்பி வெக்கச் சொன்னேன். மூணு மாசமாச்சு. வாத்து மல்லாந்து பறக்குதேன்னு இந்த வீட்ல ஒருத்தனாவது சொல்றானான்னு பாக்கறேன். ஒரு பயலுக்கும் தைரியமில்ல. மூணு மாசத்துல நீங்கதான் மொத ஆளு. குசாமா! கேட்டுக்க.”

“ஹா! உத்தரவு!” என்ற குசாமாவின் குரலோடு அவர் நெற்றி தரையில் மோதும் சத்தம் கேட்டது. நடிப்பாக இருக்க முடியாத அளவுக்குப் பலமாக.

தூரிகை மறுபடி ஓட ஆரம்பித்தது.

அப்புறம் அகுட்சு சிரித்தார். சின்னச் சிரிப்பு. ஜின்பேய் அதைக் குளியலக மாடியில் எனக்குச் சிரித்துக் காட்டினான். நான் நாலைந்து முறை திரும்பச் சிரிக்கச் சொன்னேன். ஒரு முறை கேட்டால் நல்ல மனிதரின் சிரிப்பு. இன்னொரு முறை கேட்டால் மீன் மாட்டிய தூண்டிற்காரரின் சிரிப்பு.

“அப்படின்னா,” என்றார் அகுட்சு, “மொத ஆளுங்கற முறையில, இதை நானே நேரா வெச்சுடறேன், பிரபு.”

முழங்கால் சொடுக்கியது. எழுந்துவிட்டார்.

9

அதற்குப் பிறகு நடந்ததை ஜின்பேய் எனக்குச் சொன்னான். எனக்குத் தெரியும்.

முந்தாநாள் காலை அதை எழுதினேன். ஒன்றரைப் பக்கம். ஒரு சொல்கூட அடிக்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் என் கை எழுதிய மிக நல்ல ஒன்றரைப் பக்கம். இரண்டு முறை படித்தேன், மூன்றாவது முறை படித்தால் எரிக்க மனசு வராது என்று, கரிச்சட்டியில் வைத்தேன். காகிதம் சுருண்டது. வலித்தது; பொய் சொல்லவில்லை. ஆனால் கூடவே எனக்கு ஓர் உற்சாகம், யாரோ ஒருவரைத் தோட்டத்துப் பின்கதவு வழியாக வெளியே அனுப்பிவிட்ட மாதிரி.

ஏன் எரித்தேன் என்று சொல்ல வேண்டும். வீடு விழுந்தது என்று எழுதினால், விழுந்த வீடுகள் அதிகமில்லை. அரசில் யாராவது விரல்விட்டு எண்ணிப் பார்ப்பார்கள். எதுவும் பொருந்தவில்லையென்றால் நிற்கும் வீடுகளைப் பார்ப்பார்கள். வீடு தப்பியது என்று எழுதினால் ஒவ்வொரு மாளிகையிலும் போய், “உங்க வீட்ல குரல் நடிக்கிறவன் யாராவது இருந்தானா?” என்று கேட்பார்கள். எந்த முடிவும் ஒரு வழிகாட்டிப் பலகைதான். நூற்றெண்பது குடும்பம் இன்றைக்கும் சோறு தின்கிறதா, இல்லையா என்பது ஒரு பக்கம் கதையைவிடப் பெரிய விஷயம். இதை எழுதுவதற்கே கை கூசுகிறது, ஏனென்றால் அந்தப் பக்கம் அவ்வளவு நன்றாக இருந்தது.

“ஆனால் ஜின்பேய் உயிரோடு குளியலகத்தில் உட்கார்ந்திருக்கிறானே,” என்பீர்கள். “அப்படியானால் தப்பித்தார்கள்.”

அவசரப்படாதீர்கள். வீடு கலைந்தாலும் சமையற்காரனுக்கு ஏதாவது ஒரு விலாங்குமீன் கடையில் அடுப்பு கிடைத்துவிடும். வீடு நின்றாலும், இவ்வளவு தெரிந்த சமையற்காரனை எந்த நிர்வாகியும் பக்கத்தில் வைத்துக்கொள்ள மாட்டார். இரண்டு வழியும் குளியலக மாடிக்குத்தான் வருகின்றன.

தவிர, அவன் சமையற்காரனே இல்லை.*

* முன்கைத் தழும்புகள் நான் போட்டவை. சமையலறையும் நான் கட்டியது. திரையில் இருந்தவை வாத்துகளும் அல்ல. குரல் மட்டும் உண்மை. தலையைத் தாழ்த்திய சதுரங்கக்காரரும் உண்மை. அவருக்கு என்ன ஆபத்து வரப்போகிறது?

10

கிஹேய் சொல்கிறார், முடிவில்லாத புத்தகத்தை யாரும் இரவல் வாங்க மாட்டார்கள் என்று. இருக்கலாம். இருபத்திரண்டு வருடமாக நான் வாசிக்கிறவன். யாராவது எனக்குக் கதைக்குள் ஒரே ஒரு முறை இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். இதோ, நகர்ந்துவிட்டேன். வாருங்கள்.

நீங்கள் இப்போது அகுட்சு ஹயாதோ. உங்களுக்கு அறுபது வயது. கால் மரத்திருக்கிறது. இதுவரை முப்பத்தொரு முறை பார்க்காமல் பார்த்திருக்கிறீர்கள். திரையை நேராக வைக்கிறேன் என்று நீங்களே வாயைவிட்டுச் சொல்லிவிட்டீர்கள்; அது பதிவாகிவிட்டது. ஏன் சொன்னீர்கள் என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நான் கேட்கப்போவதில்லை.

முதல் அடி. இரண்டாவது அடி.

உங்கள் வலது பக்கம் ஒரு நிர்வாகி நெற்றியைத் தரையிலிருந்து எடுக்காமல் கிடக்கிறார். அந்த முதுகில் நூற்றெண்பது வீடு. கைக்கெட்டும் தூரத்தில், காகிதத்துக்கு அந்தப் பக்கம், யாரோ ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். மூச்சை இழுத்துப் பிடித்த சத்தம் உங்களுக்குக் கேட்டது. இறந்தவர்கள் மூச்சைப் பிடிப்பதில்லை. அதை வைத்து நீங்கள் என்ன வேண்டுமானாலும் முடிவு செய்துகொள்ளலாம்.

திரை கனமில்லை. மரச்சட்டமும் காகிதமும்தான். விளிம்பில் உங்கள் விரல் பட்டுவிட்டது. கண்ணைத் திறந்துகொண்டும் அதைத் திருப்பலாம், மூடிக்கொண்டும் திருப்பலாம். பின்னால் இருப்பவர்களுக்கு உங்கள் முதுகுதான் தெரியும். எனக்கும் உங்கள் முதுகுதான் தெரிகிறது. இவ்வளவு பக்கத்தில் வந்து நிற்கிறேன், உங்கள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

இளைய எழுத்தர் மை தோய்த்து, தூரிகையைக் காகிதத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு கேட்கிறார்:

“ஐயா, என்ன எழுதட்டும்?”